பெரிய வீட்டுக் குழு: வியோனே அம்மையாரின் கிராஸ் கட்

நான் (இரவு 8:12): பெரியம்மா, நாளை வகுப்பில் மதலேன் வியோனே பற்றிப் பேசுகிறேன். பாரிஸில் கிராஸ் கட்டிலேயே முழு கவுனும் தைத்தவர். உங்களிடம் ஒரு தடவை சொல்லிப் பார்க்காமல் போக மனசு வரவில்லை.

பெரியம்மா: சொல்லு கண்ணு. மிஷினை நிறுத்திவிட்டேன்.

நான்: 1876இல் பிறந்தவர். பதினொன்று, பன்னிரண்டு வயதிலேயே தையல் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். இளவயதிலேயே கல்யாணம். பிறந்த பெண் குழந்தை தவறிவிட்டது, கல்யாணமும் நிலைக்கவில்லை. லண்டன் போய்த் தைத்துப் பிழைத்திருக்கிறார்.

சித்தி: ஐயோ, அந்த வயதில் எவ்வளவு பட்டிருக்கிறார்!

நான்: பாரிஸ் திரும்பி, கலோ சகோதரிகள் நடத்திய உடை நிறுவனத்தில் தொழில் முதிர்ந்தது. 1912இல் சொந்தக் கடை. முதல் உலகப் போர் வந்ததும் மூடி, முடிந்ததும் திறந்தார். இடுப்பை இறுக்கும் கோர்செட்டே வேண்டாம், துணியே உடம்போடு வரட்டும் என்பதுதான் அவர் வழி.

சித்தி: கிராஸ் கட் என்றால் பிளவுஸுக்குச் சொல்வார்களே, அதுவா?

பெரியம்மா: அதேதான், துணியை மூலைவாட்டில் வெட்டுவது. ஒரு கைக்குட்டை எடு. எதிரெதிர் ஓரத்தைப் பிடித்து இழு. அசையாது. இப்போது எதிரெதிர் மூலையைப் பிடித்து இழு.

சித்தி: அட, நீளுகிறது! நடுவில் ஒடுங்குகிறது!

பெரியம்மா: அந்த இழுவைதான் உடம்போடு ஒட்டும். ஆனால் முழு கவுன் என்றால் துணி அகலம் பத்தாதே கண்ணு?

நான்: அதையேதான் கேட்பீர்கள் என்று நினைத்தேன்! பியான்சினி ஃபெரியே நிறுவனத்தில் இரண்டு மீட்டர் அகலத்துக்கு கிரேப் என்கிற மெல்லிய துணியைத் தனியாக நெய்ய வைத்தார். தாளில் வரைய மாட்டார். 80 செ.மீ. மரப்பொம்மை மேல் துணியைப் போட்டு, குண்டூசி குத்தித்தான் யோசிப்பார். நான்கு சதுரத் துணியை மூலையில் தொங்கவிட்டே ஒரு கவுன் செய்திருக்கிறார்.

பெரியம்மா: நான்கே சதுரமா? கை எடுத்துக் கும்பிட வேண்டும்.

மாமா: பார்த்துக் காப்பி அடித்திருப்பார்களே?

நான்: அடித்தார்கள் மாமா. அதனால் லேபிளில் தன் கட்டைவிரல் ரேகையைப் பதித்தார். ஒவ்வொரு உடுப்பையும் முன், பின், பக்கவாட்டில் படமெடுத்து ஆல்பத்தில் ஒட்டிவைத்தார்.

பெரியம்மா: அவரிடம் வேலை பார்த்த பெண்களை எப்படி வைத்திருந்தார்? அதைச் சொல்லு முதலில்.

நான்: மோந்தேன் சாலைக் கடையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். முக்காலியை எடுத்துவிட்டு முதுகு சாயும் நாற்காலி போட்டார். சாப்பாட்டுக்கூடம், மருத்துவர், பல் மருத்துவர், குழந்தைக் காப்பகம், பேறுகால விடுப்பு. சம்பளத்தோடு விடுமுறை என்பது பிரான்சில் 1936இல்தான் சட்டம் ஆனது. இவர் அதற்கு முன்னாலேயே கொடுத்தார்.

பெரியம்மா: முதுகு சாயும் நாற்காலி. படித்ததும் கண் கலங்கிவிட்டது. ஊசி பிடித்து வளர்ந்தவளுக்குத்தான் அது தோன்றும். நான் வேலை பழகிய கடையில் ஸ்டூல்தான், பதினாலு வருடம்.

அக்கா: பெரியம்மா ❤️

நான்: 1939இல் கடையை மூடினார். 1952இல் தன் உடுப்புகளையும் ஆல்பங்களையும் நன்கொடையாகத் தந்தார். இப்போது பாரிஸ் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1975இல், 98 வயதில் காலமானார்.

பெரியம்மா: சரி, நாளை பேசும்போது நாற்காலியை விட்டுவிடாதே. ஞாயிற்றுக்கிழமை மல் துணி மூன்று மீட்டரோடு வா. கிராஸில் வெட்டி ஒரு ராத்திரி தொங்கவிடுவோம். துணி இறங்கின பிறகுதான் ஓரம் மடிக்க வேண்டும்.