திடீர் ரத்தக் கழிச்சல், பிசிவி 63: ரத்தம் ஏற்றாமல் ட்ரிப் மட்டும் போதுமா? வீட்டுக்கு வந்தபின் என்ன கொடுப்பது?

ஈரமூக்கு (கேள்வி)

5 வயதுப் பெண் நாய், கலப்பினம், 12 கிலோ. தடுப்பூசி எதுவும் விட்டுப்போகவில்லை. இரவு வழக்கம்போல் சாப்பிட்டது. விடிகாலையில் மஞ்சள் நுரையாக வாந்தி. அப்புறம் குடித்த தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை. மதியத்துக்குள் மலமே இல்லாமல் பழப்பாகு மாதிரி சிவப்பாக, கொழகொழவென்று போக ஆரம்பித்தது. நாற்றம் தனி ரகம்.

மருத்துவமனையில் சேர்த்தாயிற்று. பார்வோ (ரத்தக் கழிச்சல் தரும் வைரஸ்) சோதனை நெகட்டிவ். எக்ஸ்ரேயில் அடைப்பு தெரியவில்லை. பிசிவி 63, மொத்தப் புரதம் 6.1. 'ஏஹெச்டிஎஸ்', அதாவது திடீர் ரத்தக் கழிச்சல் என்கிறார்கள். ட்ரிப்பும் வாந்திக்கான ஊசியும் போகிறது. நிலைமை சீரானால் நாளை அனுப்பிவிடலாமாம்.

இவ்வளவு ரத்தம் போகிறதே, ரத்தம் ஏற்ற வேண்டாமா? ஆன்டிபயாடிக் தேவையில்லை என்கிறார்கள், அது சரியா? வீட்டுக்கு வந்தபின் சாப்பாடு எவ்வளவு, எப்படி? எதைக் கண்டால் திரும்ப ஓட வேண்டும்?

நாடித்துடிப்பு

முதல் கேள்விக்கான விடை நீங்கள் கொடுத்த எண்களிலேயே இருக்கிறது. ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பதுதான் பிசிவி. நாய்க்கு ஏறக்குறைய 37 முதல் 55 வரை இருக்கும். ரத்தம் குறைந்திருந்தால் இது இறங்க வேண்டும். உங்கள் நாய்க்கோ 63. குடலின் உள்சவ்வு புண்ணாகி அதன் வழியே ரத்தத்தின் நீர்ப்பகுதி கசிந்து போய்விட்டது. சிவப்பணுக்கள் பின்தங்கி, ரத்தம் கெட்டியாகிவிட்டது. தரையில் சிவப்பாகத் தெரிவது பெரும்பாலும் நீரும் சளியும்தான், கொஞ்சம் ரத்தம் கலந்திருக்கிறது. அந்தக் கெட்டி ரத்தம் நுண்குழாய்களில் சரியாக ஓடாது. ஆபத்து அங்கேதான். அதற்கு வேண்டியது நீர், ரத்தம் அல்ல.

புரத அளவையும் சேர்த்துப் பாருங்கள். வெறும் நீரிழப்பு என்றால் பிசிவியோடு புரதமும் ஏறியிருக்கும். இங்கே புரதமும் குடல் வழியே கசிவதால் அது ஏறவில்லை. பிசிவி உயர்ந்து புரதம் உயராமல் நிற்பது இந்த நோயின் கைரேகை என்றே சொல்லலாம்.

ட்ரிப்பின் கணக்கு: எடை (கிலோ) × நீரிழப்புச் சதவீதம் × 10 = மில்லிலிட்டர். 8 சதவீதம் என்று வைத்தால் 12 × 8 × 10 = 960 மி.லி. அதற்கு மேல் அன்றாடத் தேவை கிலோவுக்கு 50 முதல் 60 மி.லி., அதாவது 600 முதல் 720. இன்னும் வெளியேறிக்கொண்டிருப்பது தனி. முதல் நாளிலேயே ஒன்றரை லிட்டரைத் தாண்டிவிடும். வாந்தியெடுக்கும் நாயை இவ்வளவு குடிக்கவைக்க முடியாது. தோலுக்கடியில் ஏற்றினாலும் பலனில்லை, ஏனென்றால் அதிர்ச்சி நிலையில் தோலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கிக் கிடக்கும், திரவம் அங்கேயே தேங்கிவிடும். நரம்பில் ஏற்றுவதுதான் வழி.

ஆன்டிபயாடிக் விஷயத்தில் உங்கள் மருத்துவர் சொல்வது சரி. க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் பாக்டீரியா விடும் நெட்எஃப் என்ற நச்சுதான் குடல் சவ்வை அரிக்கிறது என்று கருதப்படுகிறது. 'பாக்டீரியா என்றால் ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டியதுதானே' என்று தோன்றும். ஆனால் ரத்தத்தில் கிருமி பரவிய அடையாளம் இல்லாத நாய்களில், கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் தேறும் வேகம் ஒன்றாகத்தான் இருக்கிறது. காய்ச்சல் அடித்தால், உடல் சில்லிட்டால், வெள்ளை அணுக்கள் மிகவும் இறங்கினால் அல்லது ஏறினால், ட்ரிப் ஏறியும் நாடி தேறாவிட்டால் கதை வேறு, அப்போது நரம்பு வழியே கட்டாயம் வேண்டும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் எழுதும் பழைய வழக்கத்தால் குடலின் நல்ல பாக்டீரியாக்கள் வாரக்கணக்கில் கலைந்து கிடக்கும். அதுதான் மிச்சம்.

கூட்டிவரும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள். ட்ரிப்பை நிறுத்திச் சில மணி நேரம் கழித்தும் பிசிவி மறுபடி ஏறாமல் இருக்கிறதா? ரத்தப் புரதமான ஆல்புமின் எவ்வளவு? ட்ரிப் ஏறியதும் புரதம் இறங்குவது இயல்பு. மிகவும் இறங்கினால் கால்களிலும் வயிற்றிலும் நீர் கோக்கும். அப்படியென்றால் இன்னொரு நாள் அங்கேயே இருப்பது நல்லது.

சந்தேகப்பேர்வழி

மேலே சொன்னதில் தப்பில்லை. ஆனால் ஏஹெச்டிஎஸ் என்பது மற்றதையெல்லாம் விலக்கிய பிறகு மிஞ்சும் பெயர். விலக்கியாயிற்றா என்று பாருங்கள்.

சோடியம், பொட்டாசியம் பார்த்தார்களா? அட்ரினல் சுரப்பி குறைபாடு, அதாவது அடிசன் நோய், இதே வேடத்தில் வரும். சோடியத்தைப் பொட்டாசியத்தால் வகுத்தால் 27-க்குக் கீழ் வருவது ஒரு தடயம். இன்னொரு தடயம், நாய் துவண்டு கிடக்கும்போதும் இதயம் மெதுவாகத் துடிப்பது. இவ்வளவு நீரிழந்த நாய்க்கு அது வேகமாகத்தான் துடிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் அட்ரினல் சுரக்கும் கார்டிசால் ஹார்மோனை ரத்தத்தில் ஒரு முறை பார்க்கலாம், 2 மைக்ரோகிராம்/டெசிலிட்டருக்கு மேல் இருந்தால் அடிசன் ஏறக்குறைய இல்லை என்று விட்டுவிடலாம். மிதமிஞ்சிய கொழுப்பைத் தின்றிருந்தால், அல்லது முன்கால்களைத் தரையில் நீட்டிப் பின்பகுதியைத் தூக்கி நின்றால், கணைய அழற்சிக்கான சோதனையும் வேண்டும்.

எக்ஸ்ரேயில் எலும்பும் உலோகமும் தெரியும். துணியும் மெல்லிய ரப்பரும் நூலும் பெரும்பாலும் தெரியாது. வாந்தி நிற்காவிட்டால் வயிற்று ஸ்கேன் கேளுங்கள். நாக்குக்கு அடியில் நூல் சிக்கியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது, உள்ளே மடிந்து கிடக்கும் குடலை அது அறுத்துவிடும்.

பார்வோ நெகட்டிவ் என்பதும் நூறு சதவீதம் அல்ல. மிக ஆரம்பத்தில் எடுத்தால் தப்பிவிடும். தடுப்பூசி முழுமையான 5 வயது நாய்க்கு வாய்ப்பு குறைவு, வெள்ளை அணுக்களும் சரியாக இருந்தால் விட்டுவிடலாம். தடுப்பூசி முடியாத குட்டி வைத்திருப்பவர்கள் இந்தப் பதிலைப் படித்து நிம்மதி அடைய வேண்டாம், குட்டிக்கு ரத்தக் கழிச்சல் என்றாலே முதலில் பார்வோ என்றுதான் எண்ண வேண்டும்.

அளவுக்கரண்டி

சாப்பாட்டுக்கு வருகிறேன். 'குடலுக்கு ஓய்வு' என்று ஒன்றிரண்டு நாள் பட்டினி போடுவது பழைய முறை. குடல் செல்கள் தமக்கான ஊட்டத்தில் பெரும்பங்கை உள்ளே ஓடும் உணவிலிருந்தே எடுக்கின்றன. பட்டினி போட்டால் சவ்வு ஆறுவது தள்ளிப்போகும். வாந்தி கட்டுப்பட்டதும் கொஞ்சமாகத் தொடங்கிவிட வேண்டும்.

எவ்வளவு என்பதற்கு: கால்குலேட்டரில் 12 × 12 × 12 போடுங்கள், 1728. வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள், 6.45 வரும். 70 ஆல் பெருக்கினால் சுமார் 450 கலோரி. ஓய்வில் இருக்கும் 12 கிலோ நாயின் ஒரு நாள் தேவை இது. வேறு எடை என்றால் 12-க்குப் பதில் அந்த எடை.

முதல் நாள் அதில் மூன்றில் ஒரு பங்கு, இரண்டாம் நாள் மூன்றில் இரண்டு, மூன்றாம் நாள் முழுவதும். மருத்துவர் தரும் கொழுப்புக் குறைந்த குடல் உணவு கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு, பையில் உள்ள கலோரியைப் பார்த்து அளந்துகொள்ளலாம். இல்லாவிட்டால் குழைய வேகவைத்த வெள்ளை அரிசிச் சோறும், தோலும் எலும்பும் இல்லாமல் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறியும். முதல் நாளுக்குச் சோறு 70 கிராம், கறி 40 கிராம். மூன்றாம் நாள் சோறு 210, கறி 115 வரும். அன்றைய அளவை 5 அல்லது 6 வேளையாகப் பிரியுங்கள். ஒரு வேளைக்கு முதல் நாள் 20 கிராம்தான் வரும். பார்த்தால் மனசு கேட்காது, இருந்தாலும் கூட்டாதீர்கள். இரைப்பை விரிந்தால் வாந்தி திரும்பும்.

உப்பு, எண்ணெய், மசாலா வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும், அவை சேர்ந்த சூப் ஒரு துளிகூட வேண்டாம். கறி வெந்த நீரை ஊற்ற விரும்பினால் குளிர்பெட்டியில் வைத்து, மேலே உறையும் கொழுப்பை வழித்துவிட்டு ஊற்றுங்கள். பால் கூடாது.

தண்ணீரும் அப்படித்தான். கிண்ணம் நிறைய வைத்தால் தாகத்தில் ஒரே மூச்சில் குடித்துக் கக்கிவிடும். முதல் சில மணி நேரம் அரை மணிக்கு ஒரு முறை 30 மி.லி. வையுங்கள், தங்கினால் மெல்லக் கூட்டுங்கள். வாயை மூடிக்கொள்ளும் நாய்க்குச் சிரிஞ்சில் திணிக்காதீர்கள். மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியா வரும், குமட்டலோடு அந்த உணவையே வெறுத்தும் போகும். லேசாகச் சூடாக்கி வைத்தும் ஒரு நாள் முழுக்கத் தொடவில்லை என்றால் குமட்டல் இன்னும் அடங்கவில்லை. அது உணவின் குறை இல்லை, மருந்தில் தீர்க்க வேண்டியது.

மலம் உருண்டு வந்த பிறகு பழைய உணவைக் காலுக்கு முக்கால், பாதிக்குப் பாதி என்று 4, 5 நாளில் மாற்றுங்கள். சோறும் கறியும் சத்துச் சமநிலை இல்லாதவை, கால்சியம் அறவே போதாது. ஒரு வாரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம்.

ஈரமூக்கு

எல்லாருக்கும் நன்றி. சோடியம், பொட்டாசியம் சரியாக இருக்கிறது. பிசிவி 46-க்கு வந்து அங்கேயே நிற்கிறது, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கொடுத்ததைச் சாப்பிடுகிறது, வாந்தி இல்லை. ஆனால் வந்ததிலிருந்து மலமே போகவில்லை. ட்ரிப் போட்ட முன்காலில் பாதம் வீங்கியிருக்கிறது. மறுபடி கழிச்சல் வந்தால் கொடுக்க லோபரமைடு வாங்கி வைக்கச் சொன்னார் ஒருவர். வைக்கலாமா?

நாடித்துடிப்பு

குடல் காலியாகக் கிடக்கிறது, சாப்பிடுவதும் கொஞ்சம். 2, 3 நாள் மலம் வராமல் இருப்பது இயல்புதான். முதலில் வருவது கருத்து, சளி சுற்றி வரலாம், உள்ளே தங்கிய பழைய ரத்தம் அது. அதற்குப் பிறகும் தார் போலக் கருப்பாகத் தொடர்ந்தால் இரைப்பையிலோ சிறுகுடலிலோ கசிவு இருக்கிறது என்று பொருள். வெறும் வயிற்றில் முக்கி முக்கி எதுவும் வராமல் வாந்தியும் சேர்ந்தால் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

லோபரமைடு வேண்டாம். குடலின் அசைவை நிறுத்தி நச்சை உள்ளேயே தேக்கிவிடும். கோலி வகை நாய்களில் பலவற்றுக்கும் அவற்றின் கலப்புகளுக்கும் எம்டிஆர்1 என்ற மரபணு மாற்றம் இருக்கும், அவற்றில் இம்மருந்து மூளைக்குள் புகுந்து மயக்கம், தள்ளாட்டம் எல்லாம் வரும். கலப்பினம் என்கிறீர்கள், எந்தக் கலப்பு என்று யாருக்குத் தெரியும்? மனிதர்களுக்கான வலி மாத்திரைகளும் கூடாது. இப்யூபுரோஃபென் ஏற்கெனவே புண்ணான குடலில் ஓட்டை போட்டுவிடும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

பாதம் வீங்கியதற்கு முதலில் கட்டு இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கழற்றிவிட்டு மெல்ல மேல்நோக்கித் தடவிவிடுங்கள், சில மணி நேரத்தில் வடியும். ஊசி இருந்த இடம் சூடாக, சிவந்து, கயிறு போலக் கெட்டியாக, தொட்டால் காலை இழுத்துக்கொள்ளும்படி இருந்தால் ரத்தக்குழாய் அழற்சி. அதைக் காட்ட வேண்டும்.

வாந்தி இல்லை என்று சொன்னீர்கள். கடைசியாக மரோபிடன்ட் என்ற வாந்தி நிறுத்தும் ஊசி எப்போது போட்டார்கள் என்று பில்லில் பாருங்கள். அதன் வேலை ஏறக்குறைய 24 மணி நேரம். அது தீர்ந்த பிறகும் வாந்தி வராமல் இருந்தால்தான் உண்மையில் நின்றிருக்கிறது.

காலை, மாலை இரு வேளையும் இதைப் பார்த்து எழுதி வையுங்கள். உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விடுங்கள், வெளுத்த இடம் 2 நொடிக்குள் இளஞ்சிவப்பாக வேண்டும். ஈறு வழவழப்பாக இருக்க வேண்டும், விரல் ஒட்டினால் நீர் குறைகிறது. (ஈறு கருப்பான நாய் என்றால் கீழ்க்கண் இமையின் உட்புறத்தைப் பாருங்கள்.) நாய் படுத்திருக்கும்போது தொடையின் உட்புறத்தில் நாடியை 15 நொடி எண்ணி 4 ஆல் பெருக்குங்கள். ஆசனவாய் வெப்பம் 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட் இயல்பு.

ஓய்விலும் நாடி 140-க்கு மேலேயே நின்றால், வெப்பம் 103-ஐத் தாண்டினால் அல்லது 99-க்குக் கீழ் இறங்கினால், ஈறு வெளுத்தால், வாந்தி திரும்பினால், சிவப்புக் கழிச்சல் மறுபடி வந்தால், கூப்பிட்டால் தலை தூக்காமல் கிடந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கிளம்பும்போதே போன் செய்துவிடுங்கள்.

சந்தேகப்பேர்வழி

அந்தப் பட்டியலில் ஒன்று சேர்க்கிறேன். வயிறு உப்பி, வாந்தியெடுக்க முயன்று முயன்று வெறும் எச்சில் மட்டும் வந்தால் அது இந்த நோய் அல்ல, இரைப்பை முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். நெஞ்சு ஆழமான பெரிய நாய்களில் அதிகம். சோதித்துப் பார்க்க நேரம் செலவிடாமல் அறுவை சிகிச்சை வசதி உள்ள இடத்துக்கே நேராகப் போக வேண்டும்.

அளவுக்கரண்டி

தரையை மறந்துவிட்டோம். கையுறை போட்டுக் கழிச்சலை முழுவதும் வழித்தெடுத்து, சோப்புநீரால் கழுவி, நன்றாக அலசிய பிறகே பிளீச் ஊற்ற வேண்டும். அழுக்கு மிச்சமிருந்தால் பிளீச் வேலை செய்யாது, சிறுநீர் இருந்தால் அதோடு சேர்ந்து நச்சு வாயு வரும். வீட்டு உபயோக பிளீச் 1 பங்குக்குத் தண்ணீர் 30 பங்கு, 10 நிமிடம் ஈரமாகவே நிற்க வேண்டும், அப்புறம் அலசி, நன்றாகக் காய்ந்த பிறகு நாயை விடுங்கள். வெந்நீரில் கலக்காதீர்கள், குளிர்ந்த நீர்தான்.