மோரல் காளானில் மணல் போகவே மாட்டேங்குது

காட்டில் பறித்து உலர்த்தி வைத்த மோரல் காளான் (தொப்பி முழுக்கத் தேன்கூடு மாதிரி குழிகள் உள்ள காட்டுக் காளான்) இருக்கு. எப்படிச் சமைத்தாலும் நறநறன்னு மணல் கடிபடுது. போன வசந்தத்தில், மழை ஓய்ந்ததும் ஆற்றோர மணல் தரையில் பறிச்சது. அசல் மோரல்தான்: ஒவ்வொன்றையும் நெடுக்காகப் பிளந்து பார்த்தாச்சு, தொப்பி முதல் காம்படி வரை ஒரே வெற்றுக்குழி, உள்ளே பஞ்சு கிடையாது. கழுவாமல் அப்படியே உலர்த்தினோம்.

முதலில் காய்ந்தபடியே மென்மையான பிரஷ்ஷால் தட்டிப் பார்த்தேன். அப்புறம் வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, அலசி, கையால் அள்ளியெடுத்தேன். அடியில் மணல் படியுது, ஆனாலும் தேன்கூடு போன்ற அந்தக் குழிகளில் ஊசி முனையால் நெம்பினால் இன்னும் வருது! உப்புத் தண்ணீரில் பூச்சிதான் வெளியே வந்தது. தண்ணீர் மாற்றி மாற்றிக் கொதிக்கவிட்டால் மணல் குறையுது, கூடவே மணமும் போயிடுது; அதுக்கு சாதா காளானே வாங்கிச் சமைக்கலாம். ஊறிய தண்ணீரைத் துணியில் வடிகட்டிட்டேன், அதில் பிரச்சினை இல்லை. (அரைவேக்காட்டில் சாப்பிடக் கூடாதுன்னு தெரியும், நன்றாக வேகவைத்துத்தான் சாப்பிடுறோம்.)

மணம் போகாமல் அந்தக் குழிகளுக்குள் இருக்கும் மணலை முழுசா எடுக்க என்ன வழி?