மேல் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் எங்கள் கூரையில் சொட்டுகிறது. எங்கிருந்து தொடங்குவது?

தோபாயோவாசி:
வணக்கம். சிங்கப்பூரில் பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. குளியலறைக் கூரையில், மேல் வீட்டு ஃப்ளோர் டிராப் (தரைத் தண்ணீர் வடியும் வாய்) குழாய் இறங்கும் இடத்தைச் சுற்றித் தண்ணீர் சொட்டுகிறது. காலையிலும் இரவிலும் அவர்கள் குளித்த பிறகுதான். குழாயைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. கீழிருந்தே ஊசி போட்டு பியூ (பாலியூரித்தேன் பிசின்) அடைத்துவிடலாம் என்கிறார் ஒரு ஒப்பந்தக்காரர். மேல் வீட்டு ஆண்ட்டி ஒத்துழைக்கத் தயார். சோதனையை எந்த வரிசையில் செய்வது?

குழாய்வேலை:
ஊசி இப்போது வேண்டாம். சொட்டுக்கு அருகில் விளக்கு இருந்தால் முதலில் அந்த பிரேக்கரை இறக்கிவிடுங்கள்.

சொட்டும் நேரம்தான் பெரிய துப்பு. இரவு பகல் நிற்காமல் சொட்டினால் அழுத்தத்தில் இருக்கும் நல்ல தண்ணீர்க் குழாய். குளித்த பிறகு மட்டும் என்றால் கழிவுக் குழாய், டிராப், தரை அல்லது சுவர். சந்தேகம் தீர, மேல் வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு அரை மணி நேரம் மீட்டரைப் பாருங்கள். முள் நகர்ந்தால் குழாயில் கசிவு. நகராவிட்டாலும் ஒன்றை மறக்க வேண்டாம்: மிக்சருக்கும் (சூடு, குளிர் நீர் கலக்கும் குழாய்) ஷவர் தலைக்கும் நடுவே சுவருக்குள் போகும் குழாயில் குளிக்கும்போது மட்டுமே தண்ணீர் ஓடும். அந்தக் கசிவு மீட்டரில் தெரியாது.

அடுத்து, தரை காய்ந்திருக்கும்போது ஒரு வாளித் தண்ணீரில் உணவுச் சாயம் கலந்து, தரையில் சிந்தாமல் நேராக டிராப் வாய்க்குள் ஊற்றச் சொல்லுங்கள். சில நிமிடங்களில் சாயம் கீழே வந்தால் டிராப் விரிசல் அல்லது குழாய் இணைப்பு. அது கீழ்ப்பக்கமே தொங்குவதால் பெரும்பாலும் டைல்ஸ் உடைக்காமல் மாற்றிவிடலாம். வராவிட்டால் டிராப்பை ரப்பர் அடைப்பானால் மூடி, வாசல் திட்டைத் தாண்டாத அளவுக்கு 25 மி.மீ. தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடுங்கள். சுவரில் ஷவர் அடித்துப் பார்ப்பது, தண்ணீர் கட்டியும் ஒன்றும் வராதபோதுதான். வரிசையை மாற்றிவிடாதீர்கள். முதலிலேயே தண்ணீர் கட்டினால் ஸ்க்ரீட் (டைல்ஸுக்கு அடியில் உள்ள சிமெண்டு அடுக்கு) ஊறி நாள்கணக்கில் சொட்டும், அதற்குப் பின் செய்யும் எந்தச் சோதனையையும் நம்ப முடியாது.

தோபாயோவாசி:
மீட்டர் நகரவில்லை. வாளித் தண்ணீர் வரவில்லை. தண்ணீர் கட்டிய மூன்றாவது மணியில் குழாயைச் சுற்றியே சொட்ட ஆரம்பித்தது.

சிமெண்டுக்கை:
அப்படியானால் டிராப் கழுத்தும் கான்கிரீட்டும் சேரும் இடம். அடிக்கடி விட்டுப்போவது இதுதான்: சிமெண்டு சுருங்கிக் குழாயை விட்டு விலகும், மெம்ப்ரேனும் (நீர்த்தடுப்புப் படலம்) அங்கேயே கிழியும். டைல்ஸ் இடுக்கை மட்டும் புதிதாக அடைத்தால் நிற்காது. டைல்ஸ் தண்ணீரைத் தடுக்கும் அடுக்கு அல்ல, தடுப்பது அடியில் இருக்கும் மெம்ப்ரேன். கீழிருந்து போடும் ஊசி ஒரு வழியை அடைக்கும். ஊறிய தண்ணீர் மேலேயே தங்கி வேறு விரிசலைத் தேடும், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்கும்.

சரியான வேலை மேலேதான். டைல்ஸையும் ஸ்க்ரீடையும் கான்கிரீட் வரை எடுக்க வேண்டும். டிராப்பைச் சுற்றி 25 முதல் 30 மி.மீ. அகல ஆழத்தில் கொத்தி, தூசி போகக் கழுவி, சுருங்காத கிரவுட்டால் (இடைவெளி நிரப்பும் சிமெண்டுக் கலவை) நிரப்புங்கள். சுவர் மூலைகளில் சிமெண்டுச் சரிவு வைத்து, மேலே வலைத் துணி ஒட்டுங்கள். பிறகு மெம்ப்ரேன் இரண்டு பூச்சு, ஒன்றுக்கு ஒன்று குறுக்காக. முதல் பூச்சு காயாமல் இரண்டாவது வேண்டாம். சுவரில் 300 மி.மீ. ஏற்றுங்கள், ஷவர் பக்கம் 1.8 மீட்டர். டிராப் வாய்க்குள்ளும் மடித்து இறக்க வேண்டும், அவசரத்தில் விடுபடுவது இந்த மடிப்புதான். வாசல் திட்டுக்கு அடியிலும் போக வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் ஸ்க்ரீட் வழியாக அறைக்குள் நடக்கும்.

காய்ந்ததும் 24 மணி நேரம் தண்ணீர் கட்டி, கீழே நின்று பார்த்த பிறகே ஸ்க்ரீட். டிராப் நோக்கி 1:100 சரிவு. இந்தச் சோதனையை வேண்டாம் என்று சொல்லும் ஆளை வேலைக்கு வைக்காதீர்கள்.

நடைமுறை:
காசு கொடுக்கும் முன் வீவக கிளை அலுவலகத்தில் புகார் பதியுங்கள். இத்தகைய கூரைக் கசிவு மேல், கீழ் வீட்டு உரிமையாளர்கள் இருவரின் பொறுப்பு. நல்லெண்ண பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தில் செலவில் 50 விழுக்காடு வீவக ஏற்கும், மீதி ஆளுக்குப் பாதி. சொந்த ஆளை வைத்தால் வீவக பட்டியலில் உள்ள ஒப்பந்தக்காரரும், தரை டைல்ஸ் உடைக்க அனுமதியும் தேவை. பல மாடிகளுக்குப் பொதுவான நெடுங்குழாயில் கசிவென்றால் அது நகர மன்றத்தின் வேலை. புது வீட்டில் இருப்பவர்களுக்கு: கழிவறை, சமையலறைக் கூரைக் கசிவுக்கு 5 ஆண்டு உத்தரவாதம் உண்டு.

சிமெண்டுக்கை:
ஒன்று விட்டுப்போச்சு. மேலே சரிசெய்த பிறகும் ஊறிய ஈரம் சில நாள் கீழே இறங்கும், பதற வேண்டாம். பெயிண்ட் பூசுமுன் உங்கள் கூரையைத் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று ஒலிக்கும் பகுதியைக் கொத்தி எடுத்து, கம்பித் துருவைத் தேய்த்து, துருத்தடுப்பு பூசி, பாலிமர் சாந்தால் மூடுங்கள். அதுவரை அதன் கீழ் குழந்தைகளைக் குளிக்க விடாதீர்கள்.