பாட்டியின் கைத்தடியும் டிவிக்குப் பின்னால் உள்ள ஒயர்களும்

செல்வி: இன்று காலை பாட்டியின் கைத்தடி, டிவிக்குப் பின்னாலிருந்து வெளியே பிதுங்கிக் கிடக்கும் ஒயர்களில் மாட்டிக்கொண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. இதற்கு இன்றே ஒரு வழி செய்ய வேண்டும்.

குமரன்: மொத்தம் எத்தனை ஒயர்கள் இருக்கின்றன?

செல்வி: 11 இருக்கின்றன, அண்ணா. அவற்றில் இரண்டு எங்கே போகின்றன என்றே தெரியவில்லை.

மீனா அண்ணி: எல்லாவற்றையும் சேர்த்து டேப் சுற்றிவிட்டால் போதாதா?

பெரியப்பா: டேப் வேண்டாம், மீனா. நாளடைவில் அதன் பசை இளகி வழியும். பிறகு ஒரே ஒரு ஒயரை மாற்றுவதற்காகப் பிரித்தால்கூடப் பிசுக்கும் தூசியும் விரலோடு வரும். சுருள் உறை என்று ஒன்று உண்டு. நீளவாக்கில் ஸ்பிரிங் போல வெட்டப்பட்ட பிளாஸ்டிக் குழாய் அது; சுற்றிக்கொண்டே போகும்போது எந்த இடத்தில் வேண்டுமானாலும் ஒரு ஒயரை மட்டும் வெளியே பிரித்துவிடலாம். சுற்றப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

சித்தப்பா: இழுத்து இறுக்கும் பிளாஸ்டிக் பட்டையான கேபிள் டை நான்கு போட்டால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

பெரியப்பா: கேபிள் டை, 1958-இல் விமானங்களின் ஒயர்க் கற்றைகளைக் கட்டுவதற்காக உருவானது. விமானத்தில் யாரும் வாரம் ஒருமுறை சார்ஜரைப் பிடுங்கிச் செருகுவதில்லை. நீ இறுக்குகிற இறுக்கில் இன்சுலேஷன் நசுங்கும். மிச்ச வாலை வெட்டிய இடம் பிளேடு போலக் கையைக் கீறும்.

சித்தப்பா: அப்படியானால் சூடுபட்டால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடலாமே?

பெரியப்பா: அதை ஒயரின் ஒரு முனை வழியாகத்தான் நுழைக்க முடியும். 2:1 குழாய் சூடேறினால் பாதி விட்டத்துக்குச் சுருங்கும்; பிளக் நுழையும் அளவுக்குப் பெரிய குழாயை வாங்கினால் அது ஒயரைப் பற்றாது. மேலும் அதற்குச் சூடான காற்றை ஊதும் ஹீட் கன் வேண்டும். என்னிடம் ஒன்று இருந்தது. அது இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்பது உனக்கே தெரியும்.

சித்தப்பா: அதை அப்போதே திருப்பிக் கொடுத்துவிட்டதாக எனக்கு நினைவு.

பெரியப்பா: வெறும் அட்டைப் பெட்டிதான் திரும்பி வந்தது.

குமரன்: இழைகளால் பின்னிய பின்னல் உறை பார்ப்பதற்கு அழகாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

பெரியப்பா: நீளவாக்கில் திறந்த வகையாக இருந்தால் வாங்கலாம், பிளக்கைக் கழற்றாமலேயே ஒயர்களை உள்ளே வைத்துவிடலாம். கத்தரியால் வெட்டினால் நுனி இழை இழையாகப் பிரியும். சூடான கத்தியால் வெட்டினால் உருகி ஒட்டிக்கொள்ளும். ஆனால் எந்த உறையானாலும் அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் ஒயர்களை உள்ளே சேர்க்காதீர்கள். முழுச் சுமையோடு ஓடும் 6 மின்சுற்றுகளை ஒரே கற்றையாக்கினால், ஒவ்வொன்றும் தனியாக இருக்கும்போது தாங்கும் மின்னோட்டத்தில் 57 சதவீதம் அளவுதான் தாங்கும் என்று ஐஇசி 60364 என்ற சர்வதேச மின் தரநிலையின் அட்டவணை சொல்கிறது. வெப்பம் வெளியேற வழியில்லாததே காரணம். டிவிக்கும் மோடத்துக்கும் மின்னோட்டம் குறைவு என்பதால் அவற்றைச் சேர்ப்பதில் கவலை இல்லை.

மீனா அண்ணி: மாமா, எந்த அளவில் வாங்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

பெரியப்பா: கற்றையைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி அளந்து, வந்த நீளத்தை 3.14-ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். பின்னால் ஓரிரு ஒயர்கள் கூடும் என்பதால் அதைவிடச் சற்றுப் பெரியதாக வாங்குங்கள்.

செல்வி: நூல் 9.4 செ.மீ. வந்தது. ஆனால் மேசைக் காலுக்கு அடியில் ஒரு கறுப்பு ஒயர் நசுங்கி, மேல்தோல் பிளந்து, செம்பு நூலிழை அளவுக்கு மினுங்குகிறது.

பெரியப்பா: அதைத் தொடாதே. மெயினை அணைத்துவிட்டு, பிறகு பிளக்கைக் கழற்று. அந்த ஒயரை மாற்றாமல் உறை போடக் கூடாது. உறை என்பது ஒழுங்குக்கும் உராய்வுக்கும்தான்; இன்சுலேஷன் போன இடத்தை அது கண்ணுக்கு மறைக்குமே தவிரச் சரிசெய்யாது.

குமரன்: 3 செ.மீ. வருகிறது. ஞாயிற்றுக்கிழமை சுருள் உறையும் புது ஒயரும் வாங்கி வருகிறேன்.

சித்தப்பா: பின்னல் உறைதான் வாங்குவதாகப் பேச்சு இருந்ததே?

செல்வி: கறுப்பு நிறம் வேண்டாம், இருட்டில் தெரியாது என்கிறார் பாட்டி. மெயினைத் திரும்பப் போட்டதும், எங்கே போகிறதென்று தெரியாத இரண்டு ஒயர்களில் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். மாடியில் இணையம் நின்றுவிட்டதாம்.

பெரியப்பா: நான் வரும்வரை மற்றொன்றைப் பிடுங்க வேண்டாம்.