தேடும்போது இருந்த பரபரப்பு, பொருள் கிடைத்ததும் எங்கே போகிறது?

கேள்வி: செப்புக்காசு, மயிலாடுதுறை

பன்னிரண்டு வயதில், ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு காலையில், தரங்கம்பாடிக் கடற்கரை மணலிலிருந்து என் தாய்மாமன் எடுத்துக் கொடுத்த ஒரு செப்புக்காசில்தான் என் சேகரிப்பு தொடங்கியது. 1620 முதல் 1845 வரை அவ்வூர் டேனிஷ்காரர்களிடம் இருந்த காலத்தில் புழங்கிய காசுகள் அவை. நம்முடைய ‘காசு’ என்ற சொல்லையே ‘காஸ்’ என்று பொறித்திருப்பார்கள். ஒரு பக்கம் மகுடமும் அரசனின் பெயரெழுத்துப் பின்னலும், மறுபக்கம் மதிப்பும், பலவற்றில் ஆண்டும் இருக்கும். அந்த ஆண்டுதான் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது: ஆண்டுக்கு ஒரு கட்டமாக அட்டவணை போட்டு நிரப்பி வருகிறேன். ஆறு வருடங்களாகத் தேடிய, நான்கு காஸ் மதிப்புள்ள காசு ஒன்று சென்ற மாதம் கும்பகோணத்து வியாபாரி ஒருவர் மூலம் கைக்கு வந்தது. அன்றிரவு உறக்கமில்லை. ஆனால் ஒரே வாரத்தில் அதை உறையில் போட்டு வைத்துவிட்டு, அட்டவணையில் அடுத்த காலிக் கட்டம் எது என்று பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

இன்னொரு குழப்பம்: ஏற்கெனவே இருக்கும் காசுகளின் உபரிப் பிரதிகளாக, தேய்ந்த காசுகள் பதினொன்று என்னிடம் உள்ளன. கடையில் கண்டால் அவற்றுக்கு ஐம்பது ரூபாய் கொடுக்கவும் யோசிப்பேன். நண்பர் ஒருவர் ஐந்நூறு தருவதாகச் சொன்னபோதோ கொடுக்க மனம் வரவில்லை. இது நோய் என்கிறார் என் மனைவி. உண்மையில் இது என்ன?

பதில்: மனநல ஆலோசகர், தஞ்சாவூர்

முதல் குழப்பத்திற்கு மூளையில் ஒரு விளக்கம் உண்டு. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற ஆய்வாளர் குரங்குகளிடம் செய்த சோதனைகளில், பழச்சாறு வரப்போகிறது என்பதற்கான அறிகுறியைக் குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் சாறு நாவில் விழும்போது அல்லாமல் அந்த அறிகுறி தோன்றும்போதே துடித்தன. உங்களுக்கு அந்த அறிகுறி, வியாபாரியின் தொலைபேசி அழைப்பு. காசு கைக்கு வரும்போது பரபரப்பின் பெரும்பகுதி செலவாகிவிட்டது. பற்றாக்குறைக்கு, காலிக் கட்டம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது.

இரண்டாவதற்கு உடைமை விளைவு என்று பெயர். கானமன், நெட்ச், தேலர் ஆகிய மூன்று ஆய்வாளர்களும் 1990இல் வெளியிட்ட சோதனையில், மாணவர்களில் பாதிப் பேருக்குச் சாதாரணக் காபிக் கோப்பைகளைக் கொடுத்தார்கள். சற்று முன்புதான் அதைப் பெற்றவர்கள் கேட்ட விலை, இல்லாதவர்கள் தர முன்வந்ததைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்தது. சில நிமிட உறவுக்கே அப்படியென்றால், மாமன் தொடங்கிவைத்த சேகரிப்புக்குப் பத்து மடங்கு என்பது எனக்கு வியப்பாக இல்லை.

நோய் என்பதைப் பொறுத்தவரை, பதுக்கல் கோளாறு 2013 முதல் அமெரிக்க உளமருத்துவக் கையேட்டில் தனிக் கோளாறாகவே இடம்பெற்றுள்ளது. அங்கே எதையும் கழிக்க முடியாமல் பொருள்கள் குவிந்து, அடுக்களையில் சமைக்கவோ கட்டிலில் படுக்கவோ இடமில்லாத நிலை வரும். அட்டவணை போட்டு உறையிட்டு வைப்பவர் அந்த வகையில் சேரமாட்டார். வீட்டுச் செலவுப் பணம் காசுக்குப் போகிறதா என்பதை மட்டும் உங்கள் மனைவியிடமே கேளுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

ஆலோசகர் சொல்வதை மறுக்கவில்லை; ஆனால் எல்லாத் தேடலையும் பழச்சாற்றில் அடக்கிவிட முடியாது. எங்கள் ஊர்க் கல்லூரியில் 1880இல் ஆசிரியரான உ.வே.சா., சேலம் இராமசாமி முதலியாரின் தூண்டுதலால் சிந்தாமணியைக் கையில் எடுத்து, 1887இல் அதை அச்சிடும்வரை ஊர் ஊராக ஏடு தேடினார். ஒரே நூலுக்குப் பல சுவடிகள் அவருக்குத் தேவைப்பட்டன. ஒன்றில் செல்லரித்த எழுத்து மற்றொன்றில் இருக்கும், ஒன்றின் பாடம் மற்றொன்றின் பிழையைக் காட்டும். அவருக்கு உபரிப் பிரதி என்பதே கிடையாது. ஆடிப்பெருக்கில் பழைய ஏடுகளை ஆற்றில் விட்ட காலத்தில், அழிந்துவிடுமே என்ற பதைப்பும் அந்தத் தேடலில் இருந்தது. உங்கள் பதினொரு காசுகளையும் உருப்பெருக்கியின் கீழ் ஒருமுறை வைத்துப் பார்த்தீர்களா?

பதில்: உழவர், திருத்துறைப்பூண்டி

எங்கள் பக்கத்து ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 170க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளைத் திரட்டினார். காசைப்போல விதையை உறையில் போட்டு வைக்க இயலாது. ஓரிரு ஆண்டில் முளைப்புத்திறன் போய்விடும். ஆகவே இரண்டு கிலோ விதை வாங்கியவர் மறு ஆண்டு நான்கு கிலோ திருப்பித் தர வேண்டும் என்று வைத்தார்கள். நான் காட்டுயானம் என்ற நெல் வகையை வாங்கிப் போனேன். ஆளுயரம் வளர்ந்து நின்ற பயிரைக் கண்டு இரண்டு பேர் வரப்பிலேயே விதை கேட்டார்கள். கொடுத்தபோது எனக்கும் வலிக்கத்தான் செய்தது.

செப்புக்காசு, மயிலாடுதுறை

அனைவருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா சொன்னபடி பதினொன்றையும் துணியில் பரப்பி, உருப்பெருக்கியில் பார்த்தேன். ஒரே காசு என்று நான் நினைத்திருந்த இரண்டில், மகுடத்தின் அடிக்கோடு ஒன்றில் நேராகவும் மற்றொன்றில் வளைந்தும் இருக்கிறது. வேறு வேறு அச்சில் அடித்தவையாக இருக்க வேண்டும். நண்பருக்கு ஒரு காசைக் கொடுத்துவிடலாம் என்றுதான் அவற்றை வெளியில் எடுத்தேன். இப்போது அட்டவணையில் அச்சு வேறுபாட்டுக்கென்று ஒரு புதிய பத்தி கூடியிருக்கிறது; மனைவி அதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.