கீழத்தெரு வீடு (குடும்பக் குழு): லீவுக்கு லேப்டாப்புல என்ன கேம்?

தேவி: வியாழக்கிழமை பிள்ளைங்களோட ஊருக்கு வாரோம். மாடியில கிடக்குற லேப்டாப்புல படிக்கிற மாதிரி கேம் எது போடலாம்? சின்னவளுக்கு 5, பெரியவனுக்கு 9.

ரமேஷ் சித்தப்பா: வருஷச் சந்தா கட்டி ஒரு ஆப் வாங்கிக் கொடுத்தேன்லா

தேவி: அது போன்ல மட்டும்தான் ஓடுது சின்ன மாமா

கார்த்தி: மைனி, எந்த கேமா இருந்தாலும் வேணும்னே தப்பாத் தட்டிப் பாருங்க. நாலு விடையையும் மாத்தி மாத்தித் தட்டியே அடுத்த கட்டத்துக்குப் போயிரலாம்னா, பிள்ளை கணக்குப் போடாது, தட்டத்தான் பழகும். ஒரு கணக்கு, அப்புறம் 2 நிமிஷம் பலூன் உடைக்கிறதுன்னா அதுவும் வேண்டாம். கணக்கே விளையாட்டா இருக்கணும்.

செல்வி அத்தை: பேரைச் சொல்லுடே

கார்த்தி: ஜிகாம்ப்ரி. 2000ல ஆரம்பிச்சது. 2 முதல் 10 வயசு வரைக்கும். 100க்கு மேல விளையாட்டு, விளம்பரம் கிடையாது, நெட் இல்லாம ஓடும். எல்லாம் ஒரே தரம்னு சொல்ல மாட்டேன். தராசு விளையாட்டு அருமை. ஒரு தட்டுல பொருள் இருக்கும், மறு தட்டுல எடைக்கல் வைக்கணும். தப்புன்னா தட்டு சாயும், கூடவா குறைச்சலான்னு பிள்ளைக்கே தெரியும். கால்வாய்ல படகு விடுறதும் அப்படித்தான், ரெண்டு பக்கமும் தண்ணி மட்டம் ஒண்ணாகாம கதவு திறக்காது.

முருகேசன் பெரியப்பா: இலவசமா? இலவசம்னா தரம் இருக்காதே

கார்த்தி: இது விக்கிறதுக்காகச் செஞ்சது இல்ல பெரியப்பா. கேடிஇன்னு தன்னார்வலர்கள் சேர்ந்து மென்பொருள் செய்யுற திட்டத்துல சேர்ந்த திறந்த மென்பொருள், யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம்.

ரமேஷ் சித்தப்பா: நான் வாங்கிக் கொடுத்தா மட்டும் யாருக்கும் ஆகாது

செல்வி அத்தை: ரமேஷு, இப்ப அந்தப் பேச்சு எதுக்கு

தேவி: பெரியவனுக்கு வாய்ப்பாடு தடுமாறுது கார்த்தி

கார்த்தி: டக்ஸ் மேத்னு இன்னொரு கணக்கு கேம் இருக்கு. கணக்கோட எரிகல் விழும், விடையை டைப் அடிச்சாத்தான் அதைச் சுடும். குத்துமதிப்புக்கு வழியே இல்ல. ஆனா புரிஞ்ச வாய்ப்பாட்டை வேகமாக்கத்தான் அது உதவும். 7ஆம் வாய்ப்பாடே தெரியாதவன் எரிகல்லைப் பாத்தாப் பதறுவான், விரல் விட்டு எண்ணக்கூட நேரம் இருக்காது. முதல்ல தாள்ல எழுதட்டும்.
அப்புறம் ஸ்க்ராட்ச், கட்டளைக் கட்டங்களை அடுக்கி நிரல் எழுதுறது, 8 வயசுக்கு மேல. அவனே ஒரு கேம் செய்யலாம்.

தேவி: கான் அகாடமி கிட்ஸ் ஆப் எப்படி?

கார்த்தி: நல்லது, இலவசம், 2 முதல் 8 வயசு. ஆனா முக்கியமா போன், டேப்லெட்டுக்கான ஆப். இங்கிலீஷ் கேட்டுப் புரியணும்.

செல்வி அத்தை: ஆச்சி கேக்கா, மாவடு எத்தனை பாட்டில் வேணும்

தேவி: 2 போதும்

முருகேசன் பெரியப்பா: எனக்கு ஒண்ணு எடுத்து வைங்க

கார்த்தி: மைனி, ஜிகாம்ப்ரியை நெட் இருக்கிற இடத்துலயே ஒரு தடவை திறந்து குரல் கோப்பை இறக்கிருங்க. இல்லன்னா எழுத்தைக் கேட்டுக் கண்டுபிடிக்கிற விளையாட்டுல சத்தமே வராது. நட்சத்திரம் கூடினா விளையாட்டு கஷ்டம்னு அர்த்தம், அமைப்புல (செட்டிங்ஸ்) சின்னவளுக்கு 1, 2 நட்சத்திரம் மட்டும் வைங்க. பழைய லேப்டாப்புல திரை கருப்பாவே நின்னா, ஸ்டார்ட் மெனுவுல சேஃப் மோடுன்னு ஜிகாம்ப்ரிக்கே தனியா இருக்கும், அதைத் திறங்க.

தேவி: லேப்டாப் அங்கல்ல இருக்கு. யாரு இறக்குவா?

முருகேசன் பெரியப்பா: மாடியில டவரே கிடைக்காது

கார்த்தி: பென் டிரைவ்ல போட்டுக் கொண்டு வரலாம். குரலுக்கு மட்டும் யாராவது போன்ல ஹாட்ஸ்பாட் போடணும்

ரமேஷ் சித்தப்பா: நான் புதன்கிழமை அந்தப் பக்கம் போவேன். பாப்போம்

செல்வி அத்தை: லேப்டாப் சார்ஜரைப் போன பொங்கலுக்கு யாரு எடுத்துட்டுப் போனது?

முருகேசன் பெரியப்பா: என்கிட்ட இல்ல