ரேடியோ டயல்: ‘ஊர்முகம்’ எனலாமா?

எல்லோருக்கும் வணக்கம்.

பழைய வால்வு ரேடியோவின் (டிரான்சிஸ்டருக்கு முந்தையது) டயலுக்கு, அதாவது நிலையங்களின் பெயர் போட்டு முள் நகரும் பகுதிக்கு, தமிழில் என்ன சொல் என்ற இழையில் இதுவரை அளவுகோல், முகப்பு, அலைமுகம் என்று மூன்று வந்திருக்கின்றன. மூன்றுமே எனக்கு ஒட்டவில்லை. ‘ஊர்முகம்’ என்று ஒன்றை முன்வைக்கிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டில் அப்பா வாங்கிய செட் இன்னும் இருக்கிறது. மரப்பெட்டி, ஸ்பீக்கர் மேல் தங்க இழை ஓடும் துணி, அதன் கீழே நீளக் கண்ணாடி. சுவிட்சைப் போட்டால், வால்வு சூடாகிச் சத்தம் வருவதற்கு முன்பே கண்ணாடியில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ், திருச்சி, கொழும்பு எல்லாம் ஒளிரும். ஆங்கில எழுத்துகளை நான் கூட்டிப் படித்துப் பழகியதே அதில்தான். அந்த எழுத்துகள் கண்ணாடியின் பின்பக்கம் அச்சிட்டவை. தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியம் மாதிரியே வேலை தலைகீழாக நடக்கும், எழுத்து முதலில், பின்னணி நிறம் கடைசியில். ஓரத்தில் இருக்கும் சின்ன பல்பின் வெளிச்சம் கண்ணாடிக்குள்ளேயே ஓடி எழுத்தில் பட்டுத் தெறிக்கிறது. எழுத்து பின்பக்கம் இருப்பது தெரியாமல் ஒரு போகிக்கு வீடு ஒழித்தபோது ஈரத்துணியால் பின்பக்கத்தைத் துடைத்துவிட்டேன், திருச்சி முழுசாகவும் கொழும்பில் பாதியும் துணியோடு வந்துவிட்டன. இன்றுவரை மனசு ஆறவில்லை.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ‘முகப்பு’ என்றால் துணி, குமிழ், கண்ணாடி எல்லாம் சேர்ந்த முன்பக்கம் முழுவதும். அந்தச் சொல் நமக்கு அதற்கே வேண்டும். 1934இல் வெல்ஸ் கோட்ஸ் வடிவமைத்த எக்கோ ஏடி-65ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பேக்கலைட் என்ற பழைய வகை பிளாஸ்டிக்கில் வார்த்த வட்டமான ரேடியோ, ஸ்பீக்கருக்கு மேலே வளைவாக அரைவட்ட டயல். ‘வட்ட முகப்பில் அரைவட்ட முகப்பு’ என்றா எழுதுவது? ‘அலைமுகம்’ அழகான சொல்தான், ஆனால் பள்ளி இயற்பியலில் அலைமுகப்பு என்று வேறொன்று இருக்கிறது, பிள்ளைகள் குழம்புவார்கள். ‘அளவுகோல்’ தவறில்லை. வெறும் எண்கள் மட்டும் போட்ட டிரான்சிஸ்டர் செட்டுகளுக்கு அதையே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் வால்வு செட்டில் கண் முதலில் போவது எண்ணுக்கு அல்ல, ஊருக்கு. ஐரோப்பிய செட்டுகளிலும் ஹில்வர்சம், லக்சம்பர்க் என்று நிலையங்கள் ஊர்ப் பெயராலேயே நிற்கும். செட்டின் வயதையும் ஊர்களே சொல்லும்: திருச்சி வானொலி 1939 மே மாதம்தான் தொடங்கியது, ஆகவே திருச்சி அச்சான கண்ணாடி அதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஐரோப்பாவில், நிலையங்களுக்கு அலைவரிசைகளைப் பங்கிட்ட கோபன்ஹேகன் திட்டப்படி 1950 மார்ச் 15 அன்று அலைவரிசைகள் மாறியபோது, பழைய கண்ணாடிகளில் முள் ஒரு ஊரைக் காட்ட வேறு ஊர் பேசியது! அப்புறம், ‘கிழக்குமுகமாக’ என்கிறோமே, அந்தத் திசைப்பொருளும் இந்தச் சொல்லுக்குள் வந்துவிடுகிறது. முள் ஊர்முகமாகத்தானே நகர்கிறது.

‘ஊர்க்கண்ணாடி’ போதாதா என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். நானும் முதலில் அதைத்தான் நினைத்தேன். ஆனால் எல்லா டயலும் கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக்கிலும் உண்டு. கடிகாரத்துக்கும் தொலைபேசிக்கும் இது பொருந்தாதே என்றும் எழுதியிருக்கிறீர்கள். பொருந்த வேண்டியதில்லை, ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காக நாமும் ஒன்றிலேயே அடைக்க வேண்டுமா?

ராயபுரத்தில் செட் பழுது பார்க்கும் அண்ணனிடம் சொல்லிப் பார்த்தேன். “ஊர் பேர் போட்டிருக்குமே, அதானே?” என்றார். விளக்கம் கேட்கவில்லை. மற்ற மூன்று சொற்களுக்கும் நான் விளக்க வேண்டியிருந்தது.

ஊர்முக விளக்கு, ஊர்முகக் கண்ணாடி என்று கூட்டுச்சொற்களும் தடையில்லாமல் வருகின்றன. முள்ளுக்கு முள்ளே போதும். குமிழிலிருந்து உருளைகள் சுற்றி முள்ளை இழுக்கும் டயல் கயிறுதான் இடிக்கிறது. கடையில் கயிறு என்கிறார்கள், ஆனால் அண்ணன் போடுவது காசிமேட்டில் வாங்கிய பின்னல் தூண்டில் நூல் (ஒற்றை நரம்பு உருளையில் வழுக்குமாம்). ஆகவே ‘ஊர்முக நூல்’ என்பது என் கட்சி. கயிறுதான் வேண்டும் என்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.